மணிமங்கலத்துப் போரும் நமது கடைத்தெருவும்



சென்ற மாதம் நடந்த சங்கக் கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. நமது பகுதியில் ஒரே தெருவில் எதிரெதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் இரண்டு உறுப்பினர்கள் நாலைந்து மாதங்களாக விலைப் போட்டியில் இறங்கியிருக்கிறார்கள். ஒருவர் சர்க்கரையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தால், மற்றவர் மறுநாள் காலையில் இரண்டு ரூபாய் குறைத்து அட்டையில் எழுதி வாசலில் மாட்டுகிறார். எண்ணெய், உளுந்து, துவரம் பருப்பு என்று இப்போது பல சரக்கும் அடக்க விலைக்குக் கீழே போகிறது. இருவரையும் அழைத்துப் பேசலாமே என்று ஒருவர் சொன்னார். உடனே இளைஞர் ஒருவர் எழுந்து, "வியாபாரமும் ஒரு யுத்தம்தான் ஐயா! யுத்தத்தில் எல்லாம் நியாயம்தான்!" என்றார். பலரும் கைதட்டினார்கள்.

நமக்குக் கைதட்டத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சரி, யுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் யுத்தத்தைப் பற்றிப் பெரியவர்கள் என்ன சொல்லி வைத்தார்கள், யுத்தம் செய்தவர்கள் கதி என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டாமா? நாம் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர். சரித்திரப் பேராசிரியர் அல்ல. ஆனால் நாற்பத்தைந்து வருடங்கள் மூட்டை எண்ணிய அனுபவம் உண்டு. மதிய நேரங்களில் கல்லாவில் உட்கார்ந்து புரட்டிய புத்தகங்களும் சில உண்டு. அந்த அளவில் நமக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறோம்.

நம் வாசலில் நடந்த போர்

யுத்தம் என்றதும் குருக்ஷேத்திரத்துக்கோ பானிபட்டுக்கோ போக வேண்டியதில்லை. மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் மணிமங்கலம். பெரிய ஏரி, பழைய கோயில்கள், வயல்கள், இப்போது மனைப் பிரிவுகள். நம்மில் பலருக்கு அங்கே வாடிக்கைக் கடைகள் உண்டு. சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பி விடுவோமே தவிர, அந்த ஊர் மண்ணில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

தென்னிந்தியாவின் தலையெழுத்தை மாற்றிய போர்களில் ஒன்று அங்கேதான் நடந்தது. வாதாபியிலிருந்து படையெடுத்து வந்த சாளுக்கியச் சக்கரவர்த்தி இரண்டாம் புலிகேசியைப் பல்லவ மன்னர் முதலாம் நரசிம்மவர்மர் எதிர்த்து நின்று புறமுதுகு காட்டச் செய்த இடங்கள் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்று பல்லவர்களின் கூரம் செப்பேடு சொல்கிறது. அதற்குப் பிறகு பல்லவப் படை வாதாபிக்கே போய் 642-ஆம் ஆண்டு அந்த நகரத்தைப் பிடித்தது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் நாவலில் உள்ளதெல்லாம் சரித்திரம் அல்ல. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் உள்ளதை வைத்தே பேசுவோம். அதிலேயே வணிகனுக்கு வேண்டிய பாடம் நிறைய இருக்கிறது.

முதலைக் காப்பாற்றியவர்

கதை அதற்கு இருபது வருடம் முன்னால் தொடங்குகிறது. நரசிம்மவர்மரின் தந்தை முதலாம் மகேந்திரவர்மர். நமது பல்லாவரம் மலையில் குகைக் கோயில் குடைவித்து அதில் தம் பட்டப் பெயர்களை வெட்டி வைத்தவர். அந்தக் குகை இன்று தர்காவாக இருக்கிறது. அவர் காலத்தில், ஏறத்தாழ 620-ஐ ஒட்டி, புலிகேசி முதல்முறை படையெடுத்து வந்தார். காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் போர் நடந்தது.

அந்தப் போரில் வென்றது யார்? ஐகொளெயில் 634-ஆம் ஆண்டு ரவிகீர்த்தி எழுதிய சாளுக்கியக் கல்வெட்டு, தங்கள் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னர் காஞ்சி மதிலுக்குப் பின்னே மறைந்துகொண்டார் என்று ஏளனம் செய்கிறது. பல்லவர்களின் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மர் புள்ளலூரில் எதிரிகளை அழித்தார் என்கிறது. இரண்டு கடைக்காரர்களும் தங்கள் கணக்கில் லாபம் என்றுதான் எழுதுவார்கள்! ஆனால் இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை தெரியும். வடக்கே சில பகுதிகள் பல்லவர் கையை விட்டுப் போயின. தலைநகரான காஞ்சி போகவில்லை. மதிலுக்குள் போனது மானக்கேடு என்று எதிரி சிரித்தான். சிரிக்கட்டும். கோட்டையும் கருவூலமும் படையும் மிஞ்சின. அவை மிஞ்சியதால்தான் மகன் பின்னால் வெல்ல முடிந்தது.

திருக்குறளின் பொருட்பாலில் அரசனுக்குச் சொல்லப்பட்ட 'தெரிந்து செயல்வகை' என்ற 47-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அரசனுக்குச் சொல்லும் புத்தி என்றாலும், வள்ளுவர் அங்கே கையாளும் சொற்கள் நம்முடைய சொற்கள். 'ஊதியம்' என்கிறார், 'முதல்' என்கிறார். ஒரு காரியத்தில் எவ்வளவு அழியும், எவ்வளவு ஆகும், கடைசியில் கையில் என்ன நிற்கும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு இறங்கு என்பது அவர் முதல் புத்தி. வரப்போகிற லாபத்தை நம்பி இருக்கிற முதலைத் தொலைக்கும் வேலையில் அறிவுள்ளவன் கை வைக்க மாட்டான் என்பது இன்னொன்று. சேனையும் யானையும் வைத்திருக்கும் ராஜாவுக்கே முதலைக் காப்பாற்று என்றுதான் பெரியவர் சொல்கிறார். அடக்க விலைக்குக் கீழே சர்க்கரை விற்கிறவர் எதை அழிக்கிறார்? எதிர்க்கடைக்காரரை அல்ல. தம் முதலை.

அடுத்த அதிகாரம் 'வலியறிதல்'. பாரம் அளவு மீறினால் மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும் என்ற உவமை அங்கேதான் வருகிறது. சரக்கு லாரிக்கு வாடகை பேசுகிற நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஒரு ரூபாய்தானே, இரண்டு ரூபாய்தானே என்று குறைப்பதெல்லாம் மயிலிறகுதான். அதே அதிகாரத்தில், வரும் வழி சிறியதாக இருந்தாலும் கெடுதல் இல்லை, போகும் வழி அகலமாகிவிடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். படை பலத்தைப் பேசும் இடத்தில் வரவு செலவைக் கொண்டுவந்து வைத்தார் பாருங்கள்! பலம் என்பது கடைசியில் வரவு செலவுதான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எந்த இடத்தில் நிற்பது?

புலிகேசி மறுபடியும் வந்தபோது நரசிம்மவர்மர் நாட்டின் எல்லைக்கு ஓடிப்போய் மோதவில்லை. மணிமங்கலம் காஞ்சிக்குக் கிழக்கே, பல்லவ நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஊர். வாதாபியிலிருந்து காஞ்சிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். வழியில் துங்கபத்திரை. யானை, குதிரை, ஆள் எல்லாவற்றுக்கும் தீனி அத்தனை தூரம் வர வேண்டும், அல்லது வழியில் கொள்ளையடிக்க வேண்டும். பல்லவப் படைக்கோ ஏரிப் பாசனமும் நெற்களஞ்சியமும் பின்னாலேயே. மொத்த வியாபாரிக்கு இது உடனே விளங்கும். தூரத்துச் சந்தையில் போய் விற்கிறவனுக்கு லாரி வாடகையும் ஏற்று கூலி இறக்கு கூலியும் தலையில் ஏறும். குடோனுக்குப் பக்கத்தில் விற்கிறவனுக்கு அந்தச் செலவு இல்லை.

'இடன் அறிதல்' என்ற 50-ஆம் அதிகாரத்தில் இதையே வள்ளுவர் முதலையை வைத்துச் சொல்கிறார். ஆழமான தண்ணீரில் இருக்கிறவரை அதை ஜெயிக்க ஆள் இல்லை. கரைக்கு வந்துவிட்டால் மற்ற மிருகங்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். அதே அதிகாரத்தில், போரில் வீரர்களையே கலக்கிய யானை சேற்றில் கால் புதைந்துவிட்டால் நரி அதைக் கொன்றுவிடும் என்றும் இருக்கிறது.

இன்று பத்து நிமிடத்தில் வீட்டுக்குச் சரக்கு கொண்டுவந்து தருகிறோம் என்று பெரிய கம்பெனிகள் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், குரோம்பேட்டை என்று எங்கும் வந்துவிட்டன. தள்ளுபடி என்பது அவர்களுடைய ஆழத் தண்ணீர். ஒரு வருடம் நஷ்டத்தில் ஓட்டப் பிறத்தியார் பணம் அவர்களிடம் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் இறங்கி மோதுவது புத்திசாலித்தனமா? நம்முடைய கரை எது? நூறு கிராம் சீரகமும் அரைக்கால் கிலோ பெருங்காயமும் பொட்டலம் கட்டித் தருவது. அரிசி பழையதா புதியதா என்று கையில் எடுத்துக் காட்டுவது. கல்யாண வீட்டுக்கு லிஸ்ட் போட்டுக் கொடுத்து, மிஞ்சியதைத் திருப்பி எடுத்துக்கொள்வது. சம்பளம் வரும் வரை பொறுப்பது. வயதானவர் தனியாக இருக்கும் வீட்டுக்குப் பையனை அனுப்பி, சரக்கோடு நலமும் விசாரித்து வருவது. இந்தக் கரையில் நிற்கிறவரை நம்மைத் தள்ளுவது எளிதல்ல.

இடம் அறியாமல் நாமே பட்ட அடி ஒன்றையும் சொல்ல வேண்டும். வாடகை குறைவு என்று முடிச்சூர் பக்கம் தாழ்வான இடத்தில் ஒரு குடோன் எடுத்தோம். மழைக்காலத்தில் தண்ணீர் வருமா என்று பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரைக் கேட்டோம். "ஏரி போகிற வழி சாமி இது" என்றார். நாம் சிரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தோம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, நமது இருநூறு மூட்டைப் பருப்பும் நாறியது. அந்தப் பெரியவர் சொன்னதுதான் இடன் அறிதல். காஞ்சிப் பல்லவர் நிலம் அறிந்து நின்றார்கள். நாம் வாடகை மட்டும் அறிந்து நின்றோம்.

இடம் மாறுவதும் உண்டு. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததும், வெளியூர் பயணிகளை நம்பிய கடைகளுக்குக் கூட்டத்தின் வழியே மாறிவிட்டது. நேற்று நல்ல இடம் இன்றும் நல்ல இடமா என்று வருடம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

காலம் பார்ப்பது

காக்கை பகலில் ஆந்தையை வெல்லும், இரவில் வெல்லாது. இது 'காலம் அறிதல்' அதிகாரத்து உவமை. முட்டப்போகும் ஆட்டுக்கடா பின்வாங்குவதும், கொக்கு அசையாமல் நிற்பதும் அதே அதிகாரம்தான். புள்ளலூருக்கும் வாதாபிக்கும் இடையே இருபது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. தந்தை பொறுத்தார், மகன் முடித்தார். நமது இளைஞர்களோ, எதிர்க்கடை அட்டை மாற்றிய அடுத்த மணி நேரத்தில் தங்கள் அட்டையையும் மாற்றுகிறார்கள். மாதம் முதல் தேதியிலிருந்து பத்துத் தேதி வரை ஒரு காலம், பள்ளி திறக்கும் ஜூன் ஒரு காலம், தீபாவளியும் பொங்கலும் ஒரு காலம். அந்தந்தக் காலத்தில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் போதும். ஆடி மாதத்தில் ஏன் ஐயா அவசரம்?

தலைவன் எங்கே இருக்க வேண்டும்?

படை பெரிதாக இருந்தாலும், நிலைத்து நிற்கும் வீரர்கள் நிறைய இருந்தாலும், நடத்துகிற தலைவர்கள் இல்லாவிட்டால் அது படையே அல்ல என்று 'படைமாட்சி' அதிகாரம் முடிகிறது. வாதாபிக்குப் போன பல்லவப் படையை நடத்தியவர் பரஞ்சோதி. சிறுத்தொண்ட நாயனார் என்று பெரியபுராணம் போற்றும் அடியார் இவரே. நாகப்பட்டினம் பக்கத்துத் திருச்செங்காட்டங்குடிக்காரர். வென்று, வாதாபியிலிருந்து பெரும் செல்வத்தைக் கொண்டுவந்து மன்னரிடம் ஒப்படைத்தார். அவர் சிவனடியார் என்று தெரிந்ததும் மன்னர் அவரைப் படைத் தொழிலிலிருந்து மரியாதையோடு விடுவித்தார் என்கிறது புராணம். தகுதி உள்ள ஆளிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்தவர் நரசிம்மவர்மர். வேலை முடிந்ததும் அவர் மனம் அறிந்து அனுப்பியவரும் அவர்தான். நம்மில் எத்தனை பேர் பத்து வருடம் உழைத்த கடைப் பையனிடம் கல்லாச் சாவியைக் கொடுத்திருக்கிறோம்? அவன் தனியாகக் கடை வைக்கப் போகிறேன் என்றால் எத்தனை பேர் வாழ்த்தி அனுப்பினோம்?

மணிமங்கலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அந்த ஊர்க் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று இரண்டாம் இராஜேந்திர சோழருடையது. கொப்பத்துப் போரைச் சொல்வது. 1054-ஆம் ஆண்டு துங்கபத்திரைக் கரைப் பக்கம் சோழருக்கும் சாளுக்கியருக்கும் நடந்த போர் அது. பேரரசர் இராஜாதிராஜர் யானை மேலிருந்தபடியே எதிரி அம்புக்கு உயிர் விட்டார். அரசர் விழுந்ததும் படை கலைந்து ஓடத் தொடங்கியது. அப்போது தம்பி இராஜேந்திரர் முன்னால் வந்தார். தம் யானை மீதும் தம் உடம்பின் மீதும் அம்பு பாய்ந்தும் விலகாமல் நின்று போரைத் திருப்பினார். அந்தக் களத்திலேயே முடிசூட்டிக்கொண்டார்.

அண்ணனுக்குப் பின் யார் என்பது அந்தக் குடும்பத்தில் முன்னாலேயே முடிவாகியிருந்ததால்தான், ஒரே நாளில் தோல்வி வெற்றியாயிற்று. நமது கடைகளில் முதலாளிக்கு நெஞ்சு வலி வந்து மருத்துவமனையில் படுத்தால், மில்லுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தச் சில்லறைக் கடையில் எவ்வளவு பாக்கி என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? பக்கத்துப் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1963-ல் தொடங்கியது. படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகளையே மாதக்கணக்கில் வெயிலில் ஓடவிட்டுப் பழக்கிய பிறகுதான் முப்பது பேரை நடத்தும் பொறுப்பைக் கொடுக்கிறார்கள். நாம் நம் பிள்ளையை ஒரு நல்ல நாளில் சந்தனம் வைத்துக் கல்லாவில் உட்கார வைத்துவிடுகிறோம். மூட்டை தூக்குகிறவர் கூலிக்கணக்குக்கூட அவனுக்குத் தெரியாது. பிறகு அவன் கற்றுக்கொள்ளும் ஒரே வித்தை விலையைக் குறைப்பதுதான்!

வாதாபிக்குப் பிறகு என்ன ஆயிற்று?

இதுவரை வெற்றியைப் பற்றிப் பேசினோம். வெற்றி விழாவோடு கதையை நிறுத்திவிடுவதுதான் நம் வழக்கம். ஆனால் வணிகன் அதற்கடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

642-ல் பிடித்த வாதாபி, ஏறத்தாழ பதின்மூன்று வருடத்தில் கைவிட்டுப் போயிற்று. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தர் அதை மீட்டதோடு நிற்காமல் பல்லவ நாட்டுக்குள் புகுந்தார். பல்லவர் திருப்பி அடித்தார்கள். பேரன் காலத்திலும் அடி, கொள்ளுப்பேரன் காலத்திலும் அடி. நூறு வருடத்துக்கு மேல் இரண்டு வீடும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. சுமார் 740-ஐ ஒட்டி இரண்டாம் விக்கிரமாதித்தர் காஞ்சிக்குள்ளேயே வந்துவிட்டார். அவர் செய்த ஒரு நல்ல காரியம் அங்கே கல்லில் இருக்கிறது. காஞ்சி கைலாசநாதர் கோயில் தூணில் கன்னடத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு அது. நகரத்தைப் பிடித்தும் கோயில் செல்வத்தைத் தொடாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார் என்று சொல்கிறது. நூறு வருடப் பகையில் நமக்குப் பெருமையாகப் படுவது அந்தத் தூண் ஒன்றுதான்.

பகையின் முடிவு? 753-ஐ ஒட்டி தந்திதுர்க்கர் என்ற இராட்டிரகூடர் எழுந்து சாளுக்கியரை வீட்டுக்கு அனுப்பினார். அவர் அதுவரை சாளுக்கியருக்கு அடங்கியிருந்தவர்! பல்லவர்களும் இளைத்துக்கொண்டே போய், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தங்களுக்கு அடங்கியிருந்த சோழரிடமே ராஜ்யத்தை இழந்தார்கள். காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் இரண்டு பெரிய கடைகளும் சண்டையில் தேய்ந்திருக்க, மூன்றாவது ஆள்தான் கல்லாவில் உட்கார்ந்தான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்!

இது நமக்குப் புத்தகத்தில் மட்டும் கிடைத்த பாடம் அல்ல. 1993-ல் நாமே பட்டது. அப்போது நமக்கு எதிரே ஒருவர் பருப்பு மொத்த வியாபாரம் தொடங்கினார். நூறு கிலோ மூட்டைக்கு நமக்கு இருபது ரூபாய் நிற்கும் காலம். அவர் ஐந்து ரூபாய் குறைத்தார். நாம் எட்டு குறைத்தோம். மூன்று மாதத்தில் இருவருமே அடக்க விலைக்குப் பத்து ரூபாய் கீழே வந்துவிட்டோம். நாளொன்றுக்கு நாற்பது மூட்டை ஓட்டம். கையிலிருந்து போனது தினம் நானூறு ரூபாய். வர வேண்டியது வராமல் போனது எண்ணூறு. மாதம் இருபத்தைந்து நாள் என்றால், முப்பதாயிரம் ரூபாய் காற்றில் போயிற்று. அந்த நாளில் அது எவ்வளவு பெரிய தொகை என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும்.

அதைவிடக் கெட்டது ஒன்று நடந்தது. நம்மிடம் பாக்கி வைத்த சில்லறைக் கடைக்காரர், வசூலுக்கு ஆள் போனால் எதிர்க்கடைக்கு மாறிவிடுவார். அங்கே பாக்கி ஏறினால் நம்மிடம் திரும்பி வருவார். விலையோடு நாணயமும் தளர்ந்துவிட்டது. ஏழு மாதம் இப்படி ஓடியது. பெருங்களத்தூரில் வாங்கிப் போட்டிருந்த அரை கிரவுண்டு மனையை விற்று மில்காரர் பாக்கியைக் கட்டினோம். அந்த மனை வழியாகப் பஸ்ஸில் போகும்போது இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். நாங்கள் இருவரும் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வெளியிலிருந்து ஒருவர் வேன் வைத்துச் சில்லறைக் கடைகளுக்கு நேராகவே சரக்குப் போட ஆரம்பித்தார். எங்கள் வாடிக்கையில் மூன்றில் ஒரு பங்கு அவரிடம் போய்ச் சேர்ந்தது. தந்திதுர்க்கர் வந்துவிட்டார்!

சண்டையை நிறுத்தியவர் பெரிய மனிதர் யாரும் அல்ல. இரண்டு கடைக்கும் மூட்டை இறக்கும் மேஸ்திரிதான். ஒருநாள் இரவு வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "முதலாளி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. உங்க லாரியும் பாதி காலியா வருது, அவரு லாரியும் பாதி காலியா வருது. ஒரே ஊர்லேர்ந்து ஒரே நாள்ல வருது. ஒரு லாரியில போட்டா ஆவாதா?" என்றார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனோம். அவர் எழுந்து நின்றார். "வாங்க அண்ணாச்சி, டீ சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். அந்த மாதத்திலிருந்து ஒரே லாரி, வாடகையில் பாதி பாதி. அவர் விலை அவருக்கு, நமது விலை நமக்கு. அவர் காலமாகிவிட்டார். அவர் மகன் கடையை நடத்துகிறார். லாரி இன்றும் ஒன்றுதான்.

போரைப் பற்றி எழுதியவர்கள் போரை விரும்பியவர்களா?

போர் நூல்களைப் படித்தால் நமக்கு ஆச்சரியம் ஒன்று காத்திருக்கிறது. மைசூரில் 1905-ல் கிடைத்த ஓலைச்சுவடியிலிருந்து ஆர். சாமசாஸ்திரி 1909-ல் பதிப்பித்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் ஒரு விதி இருக்கிறது. சமாதானத்திலும் போரிலும் பலன் சமமாக இருக்குமானால் சமாதானத்தையே எடுத்துக்கொள், ஏனென்றால் போரில் ஆள் சேதமும் பணச் சேதமும் ஊர்விட்டு ஊர் அலைச்சலும் உண்டு என்பது அது. சீனத்துச் சுன் சூ எழுதியதாகச் சொல்லப்படும் போர் நூல் பதின்மூன்றே அத்தியாயம். அதுவும் இரண்டாம் அத்தியாயத்திலேயே தேருக்கு எவ்வளவு, தீனிக்கு எவ்வளவு என்று செலவுக் கணக்கைப் போட்டுவிட்டு, நீண்டுபோன போரால் எந்த நாடும் லாபம் அடைந்ததில்லை என்கிறது. நம் வள்ளுவரும் சரி, அவர்களும் சரி, "மோது, மோது" என்று சொல்லவில்லை. எண்ணிப் பார், அளந்து பார், முடிந்தால் விலகு, முடியாவிட்டால் உன் இடத்தில் உன் காலத்தில் நில் என்றுதான் சொல்கிறார்கள். "யுத்தத்தில் எல்லாம் நியாயம்" என்ற வசனம் சினிமாவுக்கு ஆகும். கடைக்கு ஆகாது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வியாபாரம் முழுக்க யுத்தம் என்பதே நமக்குச் சம்மதம் இல்லை. யுத்தத்தில் வென்றவன் ஊரைக் கொள்ளையிடலாம். வணிகன் கொள்ளையிட்டால் மறுநாள் கடைக்கு யார் வருவார்? அதனால் போட்டி வேண்டாம் என்றும், எல்லாரும் கூடிப் பேசி விலையை ஏற்றி வைத்துக்கொள்வோம் என்றும் யாரும் அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. அது சட்டப்படி தப்பு, வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகமும்கூட. நல்ல சரக்கில் போட்டி போடுங்கள், நியாயமான எடையில் போட்டி போடுங்கள், நாணயத்தில் போட்டி போடுங்கள். கொள்முதலிலும் லாரி வாடகையிலும் குடோனிலும் கூட்டுச் சேருங்கள். பத்துச் சிறு கடைகள் சேர்ந்து ஒரு லாரி சரக்கு எடுத்தால் அடக்கமே இறங்கும். அடக்கம் இறங்கினால் விலையை முதல் கரையாமலே இறக்கலாம். இதற்கு ஏற்பாடு செய்யச் சங்கத்தால் முடியும். செய்ய வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

அந்த இரண்டு உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை, எழுதவும் மாட்டோம். நீங்கள் இருவரும் நம் பிள்ளைகளைப் போன்றவர்கள். இரண்டு பேருடைய அப்பாவும் நம்மிடம் சரக்கு எடுத்தவர்கள்தான். உங்கள் தெரு முனையில் பெரிய கம்பெனிக்காரர் ஒருவர் ஷட்டர் போட்ட கட்டடத்தை வாடகைக்குப் பிடித்திருப்பது உங்களுக்கும் தெரியும். அவர் காத்திருக்கிறார். உங்களில் யார் ஜெயித்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் மணிமங்கலம் வரை போய் வாருங்கள். ஏரிக்கரையில் நின்று பாருங்கள். அவ்வளவு பெரிய போர் நடந்த இடத்தில் இன்று மாடு மேய்கிறது. திரும்பி வரும்போது முடிச்சூர் சாலையில் நமது கடை திறந்திருக்கும். டீ நாம் வாங்கித் தருகிறோம். லாரி விஷயம் பேசலாம்.